பெயர் தெரியாமல் குறைந்த காவிரி மீன்

மதுரையில் ஆற்று மீன் என்றால் அயிரையும் விராலும்தான் பேச்சு. மேற்கே பழனி மலையைத் தாண்டினால், அமராவதி அணைக்கு வந்து சேரும் பாம்பாற்றில் ஓர் அபூர்வ மீன் உண்டு. அதுதான் கூன்முதுகு மகாசீர். அமராவதி காவிரியின் கிளை நதி. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த மீன் கிடையாது.

மகாசீர் பெரிய மீன். 1946-ல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. அணைகளாலும் வெடி வைத்துப் பிடிப்பதாலும் பிறகு இது குறைந்தது. வெடியையும் விஷத்தையும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடுத்திருந்தது. ஆனாலும் அது நிற்கவில்லை.

மீனைக் காக்க இரண்டு வழிகள் வந்தன. கர்நாடகத்தின் காலிபோர் தூண்டில் முகாமில், பிடித்த மீனை எடை பார்த்து உயிரோடு ஆற்றிலேயே விட வேண்டும் என்பது விதியாக இருந்தது. இன்னொரு வழி, குஞ்சு விடுவது. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா நிறுவனம் நடத்திய பண்ணையிலிருந்து குஞ்சுகள் வந்தன. ஆனால் அவை நீலத்துடுப்பு மகாசீர். காவிரியின் சொந்த இனம் அல்ல.

காலிபோரின் 1998 முதல் 2012 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியானது. மகாசீர் மொத்தத்தில் பெருகியிருந்தது. ஆனால் பெருகியது நீலத்துடுப்பு. கூன்முதுகு குறைந்துகொண்டே வந்தது. சிக்கியவையும் பெரும்பாலும் பெரிய மீன்கள்தான். இளம் மீன்கள் அரிது. வணிகவியல் பாணியில் சொன்னால், இரண்டு பேருடைய வரவை ஒரே கணக்கில் எழுதி, லாபம் என்று மகிழ்ந்த கதை.

அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளில் ஸ்டீல்ஹெட் மீனுக்கு இதற்கு ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது. பண்ணைக் குஞ்சை விடும்முன் முதுகில் வாலருகே உள்ள சிறு துடுப்பை நறுக்கிவிடுவார்கள். அது இல்லாத மீனை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இருந்தால் ஆற்றில் பிறந்த மீன் என்று பொருள். பல ஆறுகளில் அதைத் திரும்ப விட்டாக வேண்டும். விதியைக் கடைப்பிடிக்க மீனின் முதுகைப் பார்த்தாலே போதும்.

காவிரியில் அப்படி ஓர் அடையாளம் வைக்கவில்லை. சொல்லப்போனால், கூன்முதுகு மீனுக்குச் சரியான அறிவியல் பெயரே அன்று முடிவாகவில்லை. 2007-ல் பாம்பாற்றில் கண்டறிந்து டோர் ரேமாதேவி என்று பெயரிட்ட மீனும் இதுவும் ஒன்றே என 2018-ல்தான் உறுதியானது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற பட்டியலிலும் அது சேர்ந்தது.

மதுரைக் கண்மாய்களிலும் கட்லா, ரோகு குஞ்சுகள் விடப்படுகின்றன. எத்தனை குஞ்சு விட்டோம் என்பதோடு, அங்கே ஏற்கெனவே என்ன மீன் இருந்தது என்பதையும் எழுதி வைத்தால், அயிரைக்கும் விராலுக்கும் அந்த நிலை வராது.