மக்காவிலிருந்து வராத சோளம்

நாமக்கல் கூட்ஸ் ஷெட்டில் வேகன் கதவைத் தள்ளியதும் முதலில் வெளியே வருவது தூசி. மூட்டை பிறகுதான். நான் நின்ற இடத்தில் ஒரு சாக்கின் தையல் விட்டுப்போய், லாரியின் பின்கதவு வரைக்கும் மஞ்சள் மணிகள் கோடு போட்டிருந்தன. லாரிக்காரர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டினார். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். 'டக்'கென்று சத்தம் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

"எந்தச் சோளமுங்க?" என்றேன்.

"இது பீகார் சோளமுங்க. போன ரேக்குல வந்தது கர்நாடகா சோளம்."

சோளத்துக்கு முன்னால் ஓர் ஊர்ப்பெயர். மக்காச்சோளம் என்ற சொல் பிறந்ததும் இதே வழியில்தான்.

பள்ளிக்கூட நாளில் எனக்கு அது வேறு மாதிரி விளங்கியிருந்தது. ஓடாத குதிரை ஓடாக் குதிரை ஆவதுபோல, மக்காத சோளம் மக்காச் சோளம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு உதாரணமாகப் பரீட்சையிலேயே எழுதி வைத்தேன். வல்லினம் சரியாக மிகுந்திருக்கிறது, இலக்கணம் எங்கும் இடிக்கவில்லை. இடித்தது பொருள்தான். ஈரம் பட்டால் இது மக்குவதற்கு நாளாகாது. ஈரப்பதம் 14 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அந்தப் பூஞ்சை விட்டுப்போகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இதைத் தின்னும் கோழியின் ஈரலைக் கெடுக்கும். லாரிக்காரர் கடித்துப் பார்த்தது ஈரம் அறியத்தான். தீவன மில்லில் இதற்கென்று கருவி வைத்திருக்கிறார்கள், பல்லும் மோசமில்லை.

மக்கா என்பது அரபு நாட்டு மெக்கா நகரம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இந்தியில் இதற்கு மக்கா, மக்கை. கன்னடத்தில் மெக்கெஜோள. தெலுங்கில் மொக்கஜொன்ன, அங்கே மொக்க என்றால் செடி, ஆகவே தெரியாத ஊரைத் தெரிந்த செடியாக மாற்றிக்கொண்டார்கள் என்று எனக்கொரு ஊகம். கன்னடத்தில் இன்னொரு பெயரும் உண்டு: முசுகின ஜோள, அதாவது முக்காடு போட்ட சோளம். தோகையை உரித்துப் பார்த்தவர் எவரோ வைத்த பெயர். ஊர்வம்பு எதுவும் இல்லாமல், கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறது. இருக்கிற பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சொல்லின் பின்பாதி நம் வீட்டுச் சொத்து. சேலம், நாமக்கல் மானாவாரிக் காடுகளில் பெரியவர்கள் சோளம் என்றால் அது வெள்ளைச் சோளம். சோறும் களியும் மனிதருக்கு, தட்டு மாட்டுக்கு. அதே உயரம், அதே சாயலில் நீண்ட இலையோடு புதுப்பயிர் ஒன்று வந்து நின்றபோது, குடும்பப் பெயரைக் கொடுத்து முன்னால் ஓர் ஊரைச் சேர்த்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உலகமே இப்படித்தான் செய்திருக்கிறது. இத்தாலியர் இதைத் துருக்கித் தானியம் என்றார்கள். ஆங்கிலேயருக்கும் ஒரு காலத்தில் இது துருக்கிக் கோதுமைதான். சரி, துருக்கியில் போய்க் கேட்போம் என்றால், அங்கே இதன் பெயர் மிசிர். மிசிர் என்றால் எகிப்து. எகிப்தில் கேட்டால் ஷாம் நாட்டுச் சோளம் என்பார்கள். ஷாம் என்பது சிரியா. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி பேசுகிறவர்கள் மஹிண்டி என்கிறார்கள், இந்தியாவிலிருந்து வந்தது என்ற பொருளில். நாமோ மக்காவைக் கைகாட்டிக்கொண்டிருக்கிறோம்.

பயிரின் சொந்த ஊர் மெக்சிகோ. கொலம்பஸின் ஆட்கள் கரீபியத் தீவுகளில் டைனோ மக்கள் வாயிலிருந்து 'மஹிஸ்' என்ற சொல்லைக் கேட்டார்கள். ஆங்கிலத்தின் 'மெய்ஸ்' அதன் வழி வந்தது. கர்நாடகத்தின் சோமநாதபுரத்துப் போசளர் கோயிலில், 13-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களின் கையில் இருப்பது மக்காச்சோளக் கதிர்தான் என்று 1980-களில் ஒரு கட்சி கிளம்பியது. அப்படியானால் கொலம்பஸுக்கு முன்பே பயிர் இங்கே வந்திருக்க வேண்டும். தாவரவியலாளர் பலர் ஒப்பவில்லை. கல்லில் முத்துக்கோவையும் கதிரும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கப்பலில் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஆனால் பறங்கி என்ற அவர்கள் பெயர் பூசணி இனத்துக்குப் போய்ப் பறங்கிக்காய் ஆயிற்று. சோளத்துக்கு மக்கா கிடைத்தது. மேற்குக் கடலுக்கு அப்பால் நம்மவருக்கு நன்றாகத் தெரிந்த ஊர் அது ஒன்றுதானே. நிலக்கடலைக்கும் இதே கதை. சேலத்தில் விருத்தாசலம் ரயிலேறினால், இறங்குவதற்குள் நிலக்கடலை மல்லாட்டை ஆகிவிடும். மணிலாக்கொட்டை தேய்ந்து அப்படி ஆனது. கடலையின் பிறப்பிடமோ தென் அமெரிக்கா.

இப்போது மக்காச்சோளம் வந்திறங்கும் சேலம்–கரூர் தடம் மொத்தம் 85 கிலோமீட்டர்தான். மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி, நாமக்கல், லத்துவாடி, மோகனூர். பிறகு காவிரிப் பாலம், வாங்கல், கரூர். 2013-இல் இந்தத் தடம் திறக்கும்வரை நாமக்கல்லுக்கு ரயில் கிடையாது. லாரிக்குப் பாடி கட்டிப் பேர் வாங்கிய ஊர் அது. இன்று பீகாரின் கோசி ஆற்றுப் படுகையில் கோடையில் அறுவடையாகும் சோளம், ரேக் ஒன்றுக்கு 42 வேகன்களில் ஏறக்குறைய 2,600 டன்னாக நேரே உள்ளே வந்துவிடுகிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் பெரும்பங்கு இதுதான். முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் ஏற்றுவதும் இந்த மஞ்சள் மணியிலுள்ள நிறமியே. வெள்ளைச் சோளத்தை மட்டும் போட்டு வளர்த்தால் கரு வெளுத்துவிடும்.

தின்கிற கோழியின் பெயரையும் விசாரித்தேன். பண்ணைகளில் இருக்கும் முட்டைக்கோழிகள் வெள்ளை லெகார்ன் வழிவந்த கலப்பினங்கள். லெகார்ன் என்பது இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கப்பலேறி அமெரிக்கா போன கோழிக்கு, ஏற்றிவிட்ட துறைமுகத்தின் பெயரே நின்றுவிட்டது.

இரண்டு வெளியூர்ப் பெயர்களும் ஒரே கூண்டில் சேர்ந்து இடுகிற முட்டை, ராத்திரியோடு ராத்திரியாகப் பாலக்காட்டுக் கணவாய் தாண்டிப் போகிறது. கொஞ்சம் கப்பலேறி மஸ்கட்டுக்கும் கத்தாருக்கும் போகிறது. அரபு நாட்டுக்கே போகிறது, மக்கா இருக்கும் திசைக்கு. எர்ணாகுளத்துக் கடையில் அட்டையைக் காட்டி என்ன முட்டை என்று கேட்டேன்.

"நாமக்கல் முட்ட" என்றார் கடைக்காரர்.