ஒரு சத்திரசிகிச்சையும் ஓராயிரம் இரவுகளும்

புத்தளக் கரையோரத்தில் பிள்ளைகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழி பெரும்பாலும் இரண்டு. இதயக் குறையோடு பிறந்த பிள்ளை தெற்கே, கொழும்பு பொரளையில் 1895இல் தொடங்கிய லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளை கிழக்கே, நாட்டின் மிகப் பெரிய தலசீமியா மையம் இருக்கிற குருணாகலுக்குப் போகிறது. இரண்டு பிள்ளைகளும் தேறுகிறார்கள். தேறும் விதம்தான் வேறு.

இதயத்தில் துவாரமும் நுரையீரலுக்குப் போகும் பாதையில் ஒடுக்கமும் உள்ள பிள்ளை மணலில் நாலடி ஓடும், உடனே குந்திவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். குந்தும்போது கால் நாளங்கள் அழுத்தப்பட்டு, நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் போகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளை கண்டுபிடித்த வைத்தியம் அது. 1944இல் பால்ட்டிமோரில் முதல் சத்திரசிகிச்சை நடக்கும் வரை இப்பிள்ளைகளுக்கு வேறு வழியிருக்கவில்லை. இன்று துவாரத்தை அடைத்து, பாதையை அகலமாக்குகிறார்கள். பிறகும் கிளினிக் உண்டு; ஆனாலும் பிள்ளை ஓடுகிறது. தலவில அன்னம்மாள் கோயிலிலோ உடப்பு திரௌபதை அம்மன் சந்நிதியிலோ நேர்த்திக்கடன் தீர்க்க ஒரு நாள் இருக்கிறது.

தலசீமியாப் பிள்ளைக்கு அப்படியொரு நாள் வாய்ப்பது அரிது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு வரும் இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. அது ஈரலிலும் இதயத்திலும் படிகிறது. கவனிக்காமல் விட்டால் பழுதின்றிப் பிறந்த இதயமே செயலிழக்கும். அதனால் வாரத்தில் ஐந்தாறு இரவுகள், வயிற்றுத் தோலுக்குள் ஊசி குத்தி, சிறு பம்ப் மூலம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மருந்து. நேற்று இடப்பக்கம் என்றால் இன்று வலப்பக்கம் என்று தாய் இடம் மாற்றிக் குத்துகிறாள். இரும்பை வெளியேற்றும் மாத்திரை வந்த பிறகு பலருக்கு இந்த வேதனை குறைந்தது. மருந்தும் இரத்தமும் இலவசம். பஸ் காசும், கடலுக்குப் போகாத தகப்பனின் அன்றைய உழைப்பும், பிள்ளை தவறவிட்ட பாடமும் இலவசமல்ல. இத்தனைக்கும் நடுவில் ஒழுங்காகச் சிகிச்சை பெறும் பிள்ளை வளர்ந்து, படித்து, வேலைக்கும் போகிறது. இரண்டு வெற்றிகளில் பெரியது இதுதான் என்பேன். இதைத்தான் ஊர் கவனிப்பதில்லை. சத்திரசிகிச்சைக்குக் காசு சேர்க்கும் ஊரில், மாதாமாதம் குருணாகல் போகும் தாயிடம் ஒரு வார்த்தை கேட்பவர் குறைவு.

தலசீமியா இங்கே மிகுந்ததற்குக் காரணம் மலேரியா. தலசீமியா மரபணுக் கூற்றைத் தாய், தகப்பனில் ஒருவர் பக்கமிருந்து மட்டும் பெற்றுச் சுமப்பவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை. அதனால் வறண்ட வலயத்தில் அந்தக் கூறு தலைமுறைகளாகத் தங்கிவிட்டது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. கூறு மட்டும் இரத்தத்தில் நிற்கிறது.

பிறவி இதயக் குறையை முன்கூட்டித் தடுப்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. தலசீமியாவைத் தடுக்கலாம். தாய் தகப்பன் இருவரும் அந்தக் கூற்றைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. சொந்தத்துக்குள் முடிக்கும் கல்யாணங்களில் இந்தப் பொருத்தம் நேர்வது அதிகம். சாதகம் பார்ப்பவர்களும், நிக்காஹ் பேசுபவர்களும், கோவிலில் ஓலை வாசிப்பவர்களும் அதற்கு முன் மணமக்கள் இருவரின் இரத்தத்தையும் பரிசோதித்துவிடுங்கள். இப்பிள்ளைகளுக்கு ஏற்றும் இரத்தத்துக்காக, உடல்நலம் உள்ளவர்கள் இரத்த தான முகாமுக்குப் போங்கள்.