விதியும் முயற்சியும்: கொல்லிமலை வரலாறு தரும் படிப்பினை

 

நன்மை தீமை யாவும் அல்லாஹ்வின் நாட்டப்படியே நிகழ்கின்றன என்று களா கத்ரை நம்புவது ஈமானின் அடிப்படைகளுள் ஒன்று. நம் மக்தப் பிள்ளைகள் இதனை மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். பெரியவர்களாகிய நாமும் மவுத்தான வீட்டிலும், மருத்துவமனை வாசலிலும், கடை நொடித்த நாளிலும் "எல்லாம் நஸீபு" என்ற சொல்லைச் சொல்கிறோம். நேர்ந்துவிட்ட துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதற்காகச் சொன்னால் அச்சொல் ஈமானின் அழகு. செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்துவிட்டு, அதன் விளைவு வந்து நின்றபின் அதே சொல்லைச் சொன்னால் அதற்கு என்ன பெயர்? நம் முன்னோர்களின் வரலாற்றையும், நாம் அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் கொல்லிமலையின் வரலாற்றையும் துணையாகக் கொண்டு இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

தமிழ் மண்ணுக்கும் இக்கேள்வி புதியதன்று. நடப்பவை அனைத்தும் நியதியால் முன்பே முடிவானவை, மனித முயற்சியால் எதுவும் மாறாது என்று கற்பித்த ஆசீவகர்கள் முற்காலத்தில் இங்கு வாழ்ந்திருக்கின்றனர். மணிமேகலைக் காப்பியத்தில் ஆசீவகவாதி ஒருவர் தம் கொள்கையை எடுத்துரைக்கிறார். திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைப் பேசுகிறது. 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமை முயற்சியின் உயர்வைப் பேசுகிறது. இரண்டையும் ஒரே நூலில் வைத்த அறிவு சிந்திக்கத்தக்கது.

அம்வாஸ் கொள்ளை நோய்

இஸ்லாமிய வரலாற்றில் இக்கேள்வி ஏட்டில் எழுவதற்கு முன்பே பாதையில் எழுந்தது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 639இல், ஷாம் நாட்டில் கடும் கொள்ளை நோய் பரவியது. பாலஸ்தீனத்து ஊரான அம்வாஸின் பெயராலேயே அந்நோய் இன்றும் அழைக்கப்படுகிறது. அச்சமயம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஷாம் நோக்கிப் பயணப்பட்டு, ஸர்கு என்னும் இடத்தை அடைந்தபோது நோய்ச் செய்தி எட்டியது. முதலில் முஹாஜிர்களையும், அடுத்து அன்ஸாரிகளையும் அழைத்து ஆலோசித்தார்கள். இரு சாராரிடத்திலும் கருத்து வேறுபட்டது. பின்னர் குறைஷி மூத்தவர்களை அழைத்தார்கள். மக்களை நோய்க்குள் அழைத்துச் செல்லாமல் திரும்பிவிடுவதே சரி என்று அவர்கள் ஒருமித்துக் கூறினார்கள். உமர் (ரலி) அவர்கள் திரும்ப முடிவு செய்தார்கள்.

ஷாமின் தளபதியாகிய அபூஉபைதா (ரலி) அவர்கள் சுவனத்து நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் ஒருவர். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அவர்கள் வினவினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒட்டகங்களை மேய்ப்பவன் ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறான். அதன் ஒரு கரை செழிப்பானது. மறு கரை வறண்டது. எந்தக் கரையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே அல்லவா என்று உவமையும் காட்டினார்கள். அப்போது அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்கள் வந்து, கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அஞ்சி வெளியேறாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை என அறிவித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது. 2020ஆம் ஆண்டில் கொரோனாவினால் பள்ளிவாசல்கள் அடைக்கப்பட்டு நம் உள்ளங்கள் கலங்கியபோது, உலகெங்கும் ஆலிம்கள் எடுத்துக்காட்டியதும் இந்த ஹதீஸைத்தான்.

இதன் மறுபக்கத்தையும் நாம் மறக்கலாகாது. நோய் பரவிய மண்ணில் தம் படையினருடன் இருந்த அபூஉபைதா (ரலி) அவர்களைக் கலீஃபா கடிதம் எழுதித் தம்மிடம் அழைத்தார்கள். அழைப்பின் உட்கருத்தை அவர்கள் புரிந்துகொண்டு, தம்மை நம்பியுள்ள மக்களை விட்டுவர இயலாது என்று பணிவுடன் மறுத்து, அந்நோயிலேயே ஷஹீதானார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அவ்வாறே மரணமடைந்தார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைகளுக்குச் சிதறிச் செல்லுமாறு பணித்தார்கள், நோய் தணிந்தது. திரும்பிய உமர் (ரலி) அவர்களும் கத்ரை நம்பியவர்களே. தங்கியிருந்த அபூஉபைதா (ரலி) அவர்களும் கத்ரை நம்பியவர்களே. அந்தந்த இடத்தில் தம்மீதிருந்த கடமை எது என்பதையே இருவரும் பார்த்தார்கள்.

இரு கோடிகளும் நடுவழியும்

பின்னர் வந்த காலத்தில் இது பெரும் விவாதமாக வளர்ந்தது. உமையாக்கள் ஆட்சியில் அதிகாரத்திலிருந்த சிலர், தாங்கள் செய்த கொடுமைகளையும் அல்லாஹ்வின் விதி என்று கூறித் தப்பிக்க முயன்றனர் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதற்கு எதிர்ப்பாகவும், வேறு காரணங்களாலும், கத்ரையே மறுக்கும் போக்கு பஸ்ராவில் தலைதூக்கியது. இதனை முதலில் பேசியவராக மஃபத் அல்ஜுஹனீ என்பவர் அறியப்படுகிறார். மனிதன் தன் செயலைத் தானே படைக்கிறான் என்ற இப்போக்கினர் கதரிய்யாக்கள் எனப்பட்டனர். நேர் எதிர்க்கோடியில், ஹிஜ்ரி 128இல் கொல்லப்பட்ட ஜஹ்மு இப்னு ஸஃப்வான், மனிதனுக்குச் சொந்தமாக எந்த ஆற்றலும் இல்லை, அவன் காற்றில் அலையும் இறகு போன்றவன் என்ற ஜப்ரிய்யாக் கொள்கையைப் பரப்பினார்.

முந்திய கூட்டத்தார் அல்லாஹ்வின் வல்லமையைக் குறைத்தனர். பிந்திய கூட்டத்தாரோ, அல்லாஹ் மனிதனை விசாரிப்பதில் உள்ள நீதிக்கே பொருளில்லாமல் ஆக்கினர். இவ்விரண்டுக்கும் நடுவே அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத்தின் வழியை ஹிஜ்ரி 324இல் மறைந்த இமாம் அபுல் ஹஸன் அஷ்அரீ (ரஹ்) அவர்களும், ஹிஜ்ரி 333இல் மறைந்த இமாம் அபூமன்ஸூர் மாத்துரீதீ (ரஹ்) அவர்களும் தெளிவுபடுத்தினார்கள். செயலைப் படைப்பவன் அல்லாஹ். அதனைத் தேர்ந்து ஈட்டிக்கொள்பவன் மனிதன். இந்த ஈட்டலுக்கே "கஸ்பு" என்று பெயர்.

மதரஸாக்களில் ஓதப்படும் அல்லாமா தஃப்தாஸானீ (ரஹ்) அவர்களின் ஷரஹுல் அகாயிதில் இதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. வாத நோயாளியின் கை தானாக நடுங்குகிறது. நலமுள்ளவன் ஒன்றைப் பிடிப்பதற்காகத் தன் கையை நீட்டுகிறான். இரண்டுமே அசைவுதான். ஆயினும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் தம்முள்ளே உணர்வர். நடுங்கும் கைக்காக எவரும் விசாரிக்கப்படுவதில்லை. நீட்டிய கைக்காக விசாரிக்கப்படுவர். வாழ்வில் நமக்கு நேர்வனவற்றில் எது நடுங்கும் கை, எது நீட்டும் கை என்று பிரித்தறிவதே நமக்குள்ள வேலை.

இப்பிரிவு வாழ்க்கையில் எவ்வளவு முக்கியமானது என்பதற்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டில் கொல்லிமலையில் நிகழ்ந்ததே போதுமான சான்று.

கொல்லும் மலையும் வாழவந்தியும்

சங்கப் புலவர்கள் வல்வில் ஓரியின் நாடாகப் பாடிய மலை இது. இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வாகனங்களில் ஏறுகிறோம். சாலை இல்லாத காலத்தில் நடந்தோ, டோலியிலோதான் ஏற வேண்டும். கீழே உள்ளவர்கள் ஏறவே அஞ்சினர். காரணம், அம்மலையின் காய்ச்சல். கொல்லி என்ற பெயருக்கே கொல்லும் மலை என்று பொருள் சொன்னவர்கள் உண்டு. மலையில் தங்கினால் காய்ச்சல் வரும், வந்தால் சாவு வரும், அது அம்மலையின் விதி என்பதே பொதுநம்பிக்கை.

மலேரியா என்னும் அக்காய்ச்சலின் கிருமியை 1880இல் லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்தார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அக்கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். மலையின் விதி என்று மக்கள் எண்ணியது, தேங்கிய நீரில் பிறக்கும் ஒரு சிறு பூச்சியின் கடியாக இருந்தது.

1913இல் ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி ஈவ்லினும் கொல்லிமலையில் குடியேறினர். அவர்கள் தம் மார்க்கத்தைப் பரப்ப வந்தவர்கள்; அதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் நன்மையை நன்மை என்று ஒப்புக்கொள்வது நீதியைச் சேர்ந்தது. ஓரளவே மருத்துவப் பயிற்சி பெற்றிருந்த அவர், வாழவந்தி என்ற ஊரில் இருந்துகொண்டு மலைவாழ் மக்களுக்கு மருந்து கொடுத்தார். அக்காலத்தில் நரம்புச் சிலந்தி என்னும் கொடிய புழு நோய் அங்கு மிகுந்திருந்தது. புழுவுள்ள காலுடன் கிணற்று நீரில் இறங்குவதாலும், அந்நீரை அப்படியே குடிப்பதாலும் அது பரவுவதை எடுத்துச் சொல்லி, கிணற்றுக்குச் சுவர் எழுப்பவும் நீரைத் துணியில் வடிகட்டவும் வலியுறுத்தினார். மிக எளிய வழிகள்தாம். இவ்வழிகளை நாடெங்கும் கடைப்பிடித்ததன் பயனாக, இந்தியாவில் நரம்புச் சிலந்தி அறவே இல்லை என்று 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. முற்காலத்தவர் விதி என்று சுமந்த நோய், ஒரு முழம் துணியால் தடுக்கத்தக்கதாக இருந்தது.

ஆனால், முயற்சி செய்பவனுக்கு முடிவும் அவன் விருப்பப்படியே அமையும் என்று எண்ணிவிடலாகாது. பிறரது காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த ஜெஸ்ஸி பிராண்டு, 1929ஆம் ஆண்டு ஜூன் மாதம், சிறுநீர் கறுத்துப்போகும் கடுமையான மலேரியாவினால் அம்மலையிலேயே இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகனுக்குத் தந்தியில் சாவுச் செய்தி போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் தந்தை எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதங்கள், அதன் பின்னரும் வந்துகொண்டிருந்தன. முயற்சி மனிதனுடையது, முடிவு அல்லாஹ்வினுடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

விரல்களைத் தின்றது எது?

அந்த மகன்தான் 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டு. அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், மடங்கிப்போன கையுடைய நோயாளி ஒருவருடன் கைகுலுக்கியபோது, அக்கையின் பிடி வியப்பூட்டும் வலிமையுடன் இருப்பதை உணர்ந்தார். விரல்கள் முடங்கினும் முன்கைத் தசைகள் பல உயிரோடுதான் உள்ளன என்பது அவருக்குப் புலனாயிற்று. நல்ல தசையின் தசைநாரை எடுத்து விரல்களுக்கு மாற்றி இணைக்கும் அறுவை சிகிச்சையை வேலூரில் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த கைகள் திறந்து, தாமே உணவை எடுத்து உண்டன.

அவர் கண்ட மற்றோர் உண்மை இதனினும் பெரியது. தொழுநோய் சதையைத் தின்று விரல்களை உதிர்த்துவிடுகிறது என்றே அதுவரை மக்களும், மருத்துவர்கள் பலரும் நம்பினர். துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதாகத் திருப்பித் திறப்பதைப் பால் பிராண்டு கண்டார். அவனுடைய விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. கிருமி நரம்பைத் தாக்குவதால் வலி மறைகிறது. வலி மறைவதால் சுடுபாத்திரமும் முள்ளும் கருவியும் உண்டாக்கும் புண்கள் கவனிப்பாரின்றி அழுகுகின்றன. இரவில் உறங்கும்போது எலி கடிப்பதைக்கூட உணராதவர்கள் இருந்தனர். ஆகவே வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நோய் வந்தது அவர்கள் தேர்ந்ததன்று. அது நடுங்கும் கை போன்றது. விரல்களை இழந்ததோ தடுக்கத்தக்கது. இரண்டையும் சேர்த்து விதி என்று ஒதுக்கியதனால் எத்தனை தலைமுறையினர் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டனர்! இன்று தொழுநோய் கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணமாகிறது. மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. எந்த நோய்க்கும் மருந்தை இறக்காமல் அல்லாஹ் அதனை இறக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததன் பொருள், தேடுவோருக்கே விளங்குகிறது. கணவரைப் பலிகொண்ட அதே மலைக்கு முதுமையில் திரும்பிய ஈவ்லின் அம்மையார், மலையூர்களில் சேவை செய்து 1974இல் 95 வயதில் மறைந்து, வாழவந்தியில் அடக்கம் செய்யப்பட்டார்.

நம் ஜமாஅத்துக்கு

பால் பிராண்டு பிற்காலத்தில் அமெரிக்கா சென்று, தொழுநோயாளிகளிடம் கற்ற பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்குப் பயன்படுத்தினார். அங்கும் இதே கதைதான்; சர்க்கரை நரம்பைக் கெடுக்கிறது, வலி மறைகிறது, சிறு கொப்புளம் பெரும் புண்ணாகிறது, கடைசியில் காலை எடுக்க வேண்டியதாகிறது. நம் மஹல்லாக்களில் இந்நோய் இல்லாத வீடு அரிது. கால் போனபின் "நஸீபு" என்பதற்கு முன், ஒரு நாளைக்கு ஐந்து வேளை நமக்குக் கிடைக்கும் வாய்ப்பை எண்ணிப் பார்ப்போம். ஒளுவில் கால்களைக் கழுவுகிறோம். விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது ஸுன்னத். அவ்வேளையில் புண், கொப்புளம், நிறமாற்றம் உண்டா எனக் கண்ணால் பாருங்கள். கால் மரத்தவர்கள் வெந்நீரின் சூட்டை முழங்கையால் அறிந்தபின் பயன்படுத்துங்கள். இடுக்குகளில் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். புண்ணைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வயது முதிர்ந்த தாய் தந்தையரின் பாதங்களைப் பிள்ளைகள் பாருங்கள், அதுவும் இபாதத்தே.

இது காலுக்கு மட்டும் உரிய சட்டமன்று. வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரும், பிள்ளைகளுக்குப் போட வேண்டிய தடுப்பூசியும், படிப்பை இடையில் நிறுத்திய பெண் மகளும், வட்டிக் கடனும் எல்லாம் முதலில் நம் கஸ்பின் எல்லைக்குள் வருவனவே. நாளை என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை நாம் எவரும் வாசித்ததில்லை. வாசிக்காத எழுத்தைக் காரணம் காட்டி இன்றைய கடமையை விட எவருக்கும் அனுமதி இல்லை. கடமையை முடித்தபின் வருவது எதுவாயினும், அதனை ஸப்ருடன் ஏற்பதே கத்ரின் மீதான ஈமான்.

முயற்சியில் சோம்பலையும் முடிவில் முறையீட்டையும் விட்டு அல்லாஹ் நம்மைக் காப்பானாக! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், அவர்களுக்குப் பணிசெய்வோருக்கு நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.