ஒட்டு

‘ஒட்டு’ வினையாகவும் வரும், பெயராகவும் வரும். கிழிசலில் வைத்துத் தைக்கும் துணி ஒட்டு. கும்மிடிப்பூண்டி வழியே போகும் ஜி.என்.டி. சாலையில் பஞ்சர் கடைக்காரர் டியூபை உரசி, சொல்யூஷன் தடவி, அழுத்திப் பிடிக்கும் ரப்பர் துண்டும் ஒட்டுதான். மென்பொருள்காரர்கள் வாயில் அது ‘பேட்ச்’.

கணினிக்கு இச்சொல் உவமையாக வரவில்லை. நிஜக் காகிதமாகவே வந்தது. 1944-இல் பணிக்கு வந்த ஹார்வர்டு மார்க் 1 இயந்திரத்துக்கு ஆணைகள் துளையிட்ட காகித நாடாவில் போயின. தப்பாக விழுந்த துளையைக் காகிதத் துண்டு ஒட்டி மூடினார்கள்.

எந்த ஒட்டு நிலையான பதிப்புக்குப் போகலாம்? வம்பே அங்கேதான். 2005-இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னலின் ‘ஸ்டேபிள்’ (நிலையான) கிளையின் விதி கறாரானது: திருத்தம் முதலில் லினஸ் டோர்வால்ட்ஸின் முதன்மைக் கிளையில் ஏறியிருக்க வேண்டும், சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரியைத் தாண்டக்கூடாது. வெறும் எழுத்துப்பிழைத் திருத்தம் வாசலோடு சரி. நியாயமான கெடுபிடி.

லினக்ஸ் வழங்கலான டெபியன் பொதுவாகப் புதிய பதிப்பைத் தராமல், திருத்தத்தை மட்டும் பழையதில் பொருத்தும். பதிப்பு எண்ணின் தலை மாறாது, வால் மட்டும் நீளும்.

சிப்காட் ஆலைகளைப் போல இயந்திரம் நிற்கக்கூடாத இடங்களில் இன்னொரு வாசலும் உண்டு. மைக்ரோசாஃப்ட் தரும் ஒட்டு தன் கட்டுப்பாட்டு மென்பொருளோடு ஒத்துப்போகிறதா என்று சீமென்ஸ் தனியே சோதித்துச் சொல்கிறது.

ஆகவே பதிப்பு எண்ணின் தலையை மட்டும் பார்த்து ‘ஒட்டு விழவில்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். மாற்றக் குறிப்பைப் படியுங்கள்.