தந்தூர் அடுப்பும் அகதிகளும்

பஞ்சாபியரின் வீதியோரச் சாப்பாட்டுக்கடைக்குத் தாபா என்று பெயர். கயிற்றுக்கட்டிலின் குறுக்கே ஒரு பலகை. அதுதான் மேசை. நாம் கேட்பதற்கு முன்பே அரிந்த வெங்காயமும் பச்சைமிளகாயும் வந்துவிடும். பிறகு ஒரு கிண்ணம் கறுப்புப் பருப்பும், அடுப்பிலிருந்து நேரே எடுத்த றொட்டியும். சாப்பிட்டு முடிந்ததும் றொட்டியை எண்ணிக் காசு வாங்குவார்கள். லண்டன் சவுத்தோலிலும் ரொறொன்ரோவை அடுத்த பிரம்ரனிலும் கட்டிலுக்குப் பதிலாக பிளாஸ்ரிக் கதிரை இருக்கலாம். வெங்காயமும் பருப்பும் றொட்டியும் மாறவில்லை. இரவு வேலை முடிந்து பசியோடு வரும் நம்மவர்களுக்கும் இக்கடைகள் அந்நியமானவையல்ல.

இந்த எளிய சாப்பாட்டுக்குள் ஒரு பெரும் இடப்பெயர்வின் வரலாறு இருக்கிறது.

பஞ்சாபின் கிராமங்களில் தந்தூர் பெரும்பாலும் தனி ஒரு வீட்டுக்குச் சொந்தமானதாக இருந்ததில்லை. மண்ணால் செய்த இந்தப் பீப்பா வடிவ அடுப்பு தெருவுக்கோ அயலுக்கோ பொதுவாக இருந்தது. மாலையானதும் பெண்கள் குழைத்த மாவோடு அங்கே கூடுவார்கள். உள்ளே அடியில் நெருப்பு எரிய, சூடேறிய சுவரில் றொட்டியை அறைந்து ஒட்டுவார்கள். றொட்டி சுட்டு முடிந்த பின்னும் தணல் பல மணிநேரம் கிடக்கும். அந்தத் தணலில் பருப்புப் பானையை ஏற்றி இரவு முழுவதும் வேகவிடுவார்கள். நாம் தோசைக்கு ஊறப்போடும் அதே உளுந்துதான், தோல் நீக்காமல் முழுதாக. மலிவான தானியம், செலவில்லாத நெருப்பு. இன்று விலையுயர்ந்த உணவகங்களில் வெண்ணெயும் கிறீமும் மிதக்க வரும் பருப்பின் பூர்வீகம் இதுதான்.

1947 ஓகஸ்டில் பஞ்சாப் இரண்டாக வெட்டப்பட்டது. பிரிவினையால் இடம்பெயர்ந்தோர் ஒரு கோடிக்கு மேல். கொல்லப்பட்டோரின் தொகை இரண்டு இலட்சம் முதல் இருபது இலட்சம் வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. சுமார் 5 இலட்சம் அகதிகள் டெல்லிக்கு வந்து சேர்ந்தார்கள். 1941 இல் ஒன்பது இலட்சமளவில் இருந்த டெல்லியின் சனத்தொகை 1951 இல் பதினேழு இலட்சத்தைத் தாண்டியது. கிங்ஸ்வே முகாமிலும் நடைபாதைகளிலும் கிடந்தவர்களிடம் நிலமில்லை, கடையில்லை. கைவசம் இருந்தது சமையல் பழக்கம் மட்டும். டெல்லிக்குத் தந்தூர் புதிதல்ல, முஸ்லிம் றொட்டிக்காரரின் கடைகளில் அது ஏற்கனவே இருந்தது. ஆனால் அகதிக் குடியிருப்புகளில் பொதுத் தந்தூராகவும் வீதியோரக் கடையாகவும் அதைப் பரப்பியவர்கள் பஞ்சாபியர்.

கடைகளே இடம்பெயர்ந்த கதையும் உண்டு. அமிர்தசரஸில் பெயர்பெற்ற கேசர் தா தாபா 1916 இல் தொடங்கப்பட்டது ஷேகுபுராவில். அந்த ஊர் பாகிஸ்தானுக்குள் போனதும் கடை இந்தப்பக்கம் வந்தது. பெஷாவரில் மோத்தி மகால் என்ற கடையில் வேலை செய்த குந்தன் லால் குஜ்ரால், டெல்லி தர்யாகஞ்சில் கூட்டாளிகளோடு அதே பெயரில் கடை திறந்தார். நேருவின் விருந்துகள்வரை அந்தக் கடையின் புகழ் போனது. 2024 இல், வெண்ணெய்க் கோழிக்கறியையும் அந்தப் பருப்பையும் கண்டுபிடித்தது யார் என்று டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. எதிரெதிரே நின்றவர்கள், ஒரே கடையின் பழைய கூட்டாளிகளான குஜ்ராலினதும் குந்தன் லால் ஜக்கியினதும் வாரிசு உரிமை பேசியவர்கள். ஊரே கூடிச் சுட்ட அடுப்பின் சாப்பாட்டுக்கு இப்போது தனிச்சொத்துரிமை கோரப்படுகிறது.

பெயர் பெறாதவர்களே அதிகம். லொறிச் சாரதிகளாகப் பெருநெடுஞ்சாலைகளில் இறங்கிய பஞ்சாபியரின் பின்னால் தாபாவும் நகர்ந்தது. நாட்கணக்கில் வீட்டைவிட்டு ஓடுபவனுக்கு மலிவான சாப்பாடும், குளிக்கத் தண்ணீரும், உடம்பைச் சாய்க்க ஒரு கட்டிலும் அங்கே கிடைத்தன. அந்த அடுப்புகளின் முன்னால் வெந்த கைகளுக்காக எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடக்கவில்லை.

இதை உழைத்து முன்னேறிய அகதிகளின் வெற்றிக்கதை என்று முடித்துக்கொள்வது வசதியானது. ஆனால் அது பாதிக்கதைதான். அதே 1947 இல் டெல்லியிலிருந்து 3 இலட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேறினார்கள். அவர்களில் பலர் புரானா கிலாக் கோட்டையின் மதில்களுக்குள் அடைபட்டு, பாகிஸ்தானுக்குப் போகும் ரயிலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். முன்பு மூன்றில் ஒருவராக இருந்தவர்கள் 1951 இல் ஏறத்தாழ இருபதில் ஒருவரானார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளிலும் கடைகளிலும் பல, வந்த அகதிகளின் கைக்குப் போயின. போனவர்களும் தங்கள் சமையலைக் கொண்டுதான் போனார்கள். இரவு முழுதும் வேகும் டெல்லி நிஹாரி இறைச்சிக்கறி கராச்சியின் பேர்ன்ஸ் வீதியில் வேர்விட்டது. இரண்டு நகரங்களிலும் பானை இரவு முழுக்க வெந்தது. இரண்டையும் கிளறியவர்கள் அகதிகள்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. லாச்சப்பலிலும் ஸ்காபரோவிலும் நம்மவர்கள் திறந்த கொத்துறொட்டிக் கடைகளின் வரலாறு ஒருநாள் எழுதப்படும். கோப்பை கழுவிய கைகள் கல்லாப்பெட்டிவரை வந்த கதையாக அது எழுதப்படும். எழுதப்படவும் வேண்டும். ஆனால் 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒரேநாளில் விரட்டப்பட்டபோது, ஐந்துசந்தியில் அணைந்துபோன அடுப்புகளின் கதையையும் அதற்குப் பக்கத்தில் எழுதியாக வேண்டும். அகதியாவது ஒருவரை அப்பாவியாக்கிவிடுவதில்லை. அடுப்பை இழந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், நமது பெயரால் அணைக்கப்பட்ட அடுப்புகளையும் கணக்கில் வைத்திருக்கிறோமா?