அகலமா, அடர்த்தியா? ஆல்ப்ஸ் லார்ச் மரங்களில் பழங்காலக் கோடையைப் படித்தல்

மலையில் மரவரம்பை ஒட்டி வளரும் மரத்தின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குளிரே, நீர் அன்று. அதனால்தான் அங்குள்ள ஆண்டு வளையங்களைக் கோடை வெப்பத்தின் பதிவாகக் கொள்கிறோம். ஆனால் வளையத்தில் எதை அளப்பது? அகலத்தை அளப்பது எளிது, செலவும் குறைவு. எனினும் ஒவ்வோர் ஆண்டின் கோடையையும் தனித்தறிய, வளையத்தின் பிற்பகுதியான பின்பருவக் கட்டையின் உச்ச அடர்த்தியே தகுந்த சான்று என்பது என் வாதம்.

காரணம் மரத்தின் உடலியலில் இருக்கிறது. மரம் முந்திய ஆண்டில் சேமித்த உணவையும் கொண்டே புது வளையத்தைத் தொடங்குகிறது. ஆகவே ஒரு கெட்ட ஆண்டின் தாக்கம் அடுத்த சில வளையங்களின் அகலத்திலும் தொடரும். பின்பருவ உயிரணுக்களின் சுவரோ அவ்வாண்டுக் கோடையின் பிற்பகுதியில்தான் தடிக்கிறது. வெப்பம் குறைந்தால் சுவர் மெலிந்து அடர்த்தி அவ்வாண்டிலேயே சரியும். மெல்லிய மரச்சீவலை எக்ஸ் கதிரில் படமெடுத்து இதை அளக்கும் முறையைப் பரவலாக்கியவர்களுள் சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் ஷ்வைன்குரூபர் முதன்மையானவர்.

1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக 1816இல் ஐரோப்பா கோடையையே இழந்தது. இத்தகைய திடீர்க் குளிர்ச்சியை அகலம் பிந்தியும், பல ஆண்டுகளுக்குப் பரப்பியும் காட்டும். எரிமலைக் குளிர்ச்சியின் அளவை அகலத்தை மட்டும் நம்பிக் கணித்தால் அது உண்மையைவிடக் குறைவாகவே வரும்.

உல்ஃப் பியூன்ட்கென் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆல்ப்ஸ் ஆய்வு அடர்த்தியின் வலிமையைக் காட்டுகிறது. உயிருள்ள லார்ச் மரங்களோடு பழங்கட்டுமான மரங்களையும் சேர்த்து, 180 அடர்த்தித் தொடர்களால் கி.பி. 755 முதல் 2004 வரையான ஜூன்–செப்டம்பர் வெப்பநிலையை அவர்கள் மீட்டமைத்தனர். 1818 முதலான உயர்மலை வெப்பமானிப் பதிவுகளோடு ஒட்டுறவு 0.7, ஆண்டுக்காண்டு மாற்றங்களில் மட்டும் 0.8. மிகக் குளிர்ந்த பத்தாண்டாக வந்தது 1810கள். மிக வெப்பமானது 1940கள். இவ்விரண்டுக்கும் இடைவெளி 3.1 டிகிரி செல்சியஸ்.

அடர்த்தியும் ஏமாற்றும் என்பதை மறைக்கக் கூடாது. லார்ச் மொட்டுப்புழு ஏறத்தாழ எட்டொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி ஊசியிலைகளைத் தின்றுவிடும். இலையிழந்த மரம் மெலிந்த சுவரையே கட்டும். அது குளிர்ந்த கோடையின் சாயலில் இருக்கும். புழு அவ்வளவாகத் தீண்டாத ஸ்ப்ரூஸ் மரத்தோடு ஒப்பிட்டால் புழுவின் தடம் பிரிந்து தெரியும். அந்த ஒப்பீட்டைச் செய்யாத லார்ச் தொடரை நான் ஏற்கமாட்டேன்.

நீண்டகாலப் போக்கில் சிக்கல் இன்னும் ஆழமானது. வயதாக ஆக வளையம் இயல்பாகவே மாறும். அந்த மாற்றத்தை மரத்துக்கு மரம் தனித்தனியே நீக்கினால், மரத்தின் ஆயுளைவிட நீண்ட தட்பவெப்ப மாற்றமும் சேர்ந்து அழிந்துபோகும். வயதுக்கேற்ற மாற்றத்தைக் காட்டும், வட்டாரம் முழுமைக்கும் பொதுவான ஒரே கோட்டால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் அதற்குப் பல வயது மரங்கள் நிறைய வேண்டும். பின்னோக்கிப் போகப்போக அவை அருகுகின்றன.

எனவே அகலம் மட்டும் அளந்து அடுக்கி வைக்கப்பட்டுள்ள பழைய மரவரம்பு மாதிரிகளை ஆய்வகங்கள் மீண்டும் வெளியே எடுத்து எக்ஸ் கதிருக்கு உட்படுத்த வேண்டும்.