கருப்பையின் கணக்கும் சாதியின் கணக்கும்



திருவக்கரைக் கல்மரங்களைப் பிரெஞ்சுக்காரர் சோனரா 1781இல் பதிவு செய்தார். இன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அவற்றைக் காக்கிறது. இந்த வட்டாரத்துச் சேரிப் பெண்களின் உடல்மீது நடந்தவை எந்த ஏட்டில் உள்ளன? இந்தக் கேள்வியோடு மக்கள்தொகைக் கணக்குகளின் வரலாற்றைப் பார்ப்போம்.

கருத்தடையை முதலில் உரிமையாகப் பேசியது நம் மரபு. 1930களில் பெரியார் அதைப் பெண் விடுதலையோடு சேர்த்து வாதிட்டார். 1938 நவம்பர் 10 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கரின் கட்சி கருத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் கொண்டுவந்தது, அது தோற்கடிக்கப்பட்டது.

அரசு அதைக் கையில் எடுத்தபோது மொழி மாறியது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர். ஏ. கோபாலசாமி, நான்காவது பிரசவம் முதற்கொண்டு 'முன்யோசனையற்ற தாய்மை' என்று பெயரிட்டார். கூலியையும் நிலத்தையும் பற்றிய கேள்வி, தாயின் மீதான குற்றச்சாட்டாயிற்று. பின்னர் சென்னை மாநிலம் அறுவைக்கு வரும் ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுத்தது. நிலமற்ற கூலிக் குடும்பத்துக்கு அந்தப் பணம் எப்படிச் 'சுயவிருப்பம்' ஆகும்?

1972இல் உலகக் கருவள ஆய்வு தொடங்கியது. வளரும் நாடுகளின் பெண்களிடம் ஒரே மாதிரி வினாக்கள் கேட்கப்பட்டன. இலங்கை 1975இல் பங்கேற்றது, இந்தியா சேரவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் மட்டும் இங்கே சுமார் 83 லட்சம் பேருக்கு அறுவை நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1977 தேர்தலில் ஆட்சி வீழ்ந்தது. அதன்பின் கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது.

1992-93இல் தேசியக் குடும்பநல ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.5 குழந்தைகள் என்று அது சொன்னது; 2019-21இல் அது 1.8. இதைச் சாதனை என்கிறார்கள். அதே ஐந்தாம் ஆய்வின் இன்னொரு வரியையும் படிப்போம்: தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருப்போர் 0.1 விழுக்காடு. மாநிலத்தின் சாதனை முழுவதும் பெண்ணின் வயிற்றில் தைத்த தையல்.

அந்த வயிறுகளில் எத்தனை நம்முடையவை? மாநில அறிக்கையில் 'பட்டியல் சாதி' என ஒரே வரி. 76 சாதிகள் அதற்குள் அடக்கம். மாவட்டச் சுருக்க அட்டையில் அந்த வரியும் இல்லை. ஐந்தாம் ஆய்வின் விழுப்புரம், கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம். அந்தப் பரப்பில் திருவக்கரைச் சேரி கண்ணுக்கே தெரியாது.

ஆகவே கணக்கெடுப்பை நாம் நிராகரிக்கவில்லை. அதை நம் கையில் எடுக்கச் சொல்கிறோம். மாணவர்கள் ஆய்வின் மூலத் தரவைச் சாதிவாரியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். தோழர்கள் தங்கள் ஊரில் நான்கு கேள்வி கேட்க வேண்டும்: எந்த வயதில் அறுவை நடந்தது? வேறு வழிகள் உண்டென்று சொன்னார்களா? பின்விளைவைச் சொன்னார்களா? முடிவெடுத்தது யார்?

விடைகளை அந்தப் பெண்களின் ஒப்புதலோடு, பெயரில்லாமல் எழுதிவைப்போம். பிள்ளை பெறுவதும் பெறாததும் அவள் உரிமை என்பதற்கு அதுவே நம் ஆவணம்.